திரும்ப மறுக்கும் சாவி

ஒரு வாகனத்தில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் உள்ளன. எஞ்சின், சக்கரம், பிரேக் ஆகியவற்றைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். ஆனால், பழைய வாகனங்களில் ஓட்டுநரின் கை நாள்தோறும் முதலில் இயக்குவது மிகச் சிறிய ஓர் உறுப்பைத்தான். அதுவே சாவியைச் செருகித் திருப்பும் இக்னிஷன் பூட்டு.

ஈசூனிலிருந்து விடியற்காலையில் காய்கறி ஏற்றப் புறப்படும் வேன் ஓட்டுநரையோ, மோட்டார்சைக்கிளில் பொருள் விநியோகிப்பவரையோ எண்ணிப் பாருங்கள். ஒருநாள் சாவி துளைக்குள் நுழைகிறது. ஆனால் திரும்ப மறுக்கிறது. எஞ்சினில் குறை இல்லை. பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது. தொட்டியில் எரிபொருளும் இருக்கிறது. ஆயினும் வண்டி நகராது. வண்டியோடு சேர்ந்து அன்றைய வருமானமும் நின்றுவிடும். அந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: சாவியை இன்னும் பலமாகத் திருப்புவார்கள். சிறிய கோளாறு பெரிய செலவாக மாறுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

பூட்டு ஏன் சிக்குகிறது? அதை எப்படிக் கண்டறிவது? எதை நாமே செய்யலாம், எதைப் பட்டறையிடம் விட வேண்டும்? இவற்றை அறிந்துகொள்ள முதலில் பழைய வாகனங்களின் நிலையையும் பூட்டின் அமைப்பையும் புரிந்துகொள்வோம்.

பழைய வாகனங்களும் ஈசூனும்

சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல் வாகன உரிமைச் சான்றிதழ் முறை நடப்பில் உள்ளது. ஒரு சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும். அதன் பிறகு உரிமையாளர் வாகனத்தின் பதிவை நீக்கலாம். அல்லது உரிய கட்டணத்தைச் செலுத்திச் சான்றிதழை 5 ஆண்டுகளுக்கோ 10 ஆண்டுகளுக்கோ புதுப்பிக்கலாம். புதிய சான்றிதழின் விலை உயரும் காலங்களில், இருக்கும் வாகனத்தையே நன்கு பராமரித்துப் பயன்படுத்தப் பலர் விரும்புகின்றனர். பத்தாண்டுகளைக் கடந்த கார்களை ஆண்டுதோறும் பரிசோதனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். ஆகவே, பழைய வாகனம் வைத்திருப்பவருக்குப் பராமரிப்பு என்பது விருப்பம் மட்டுமன்று, கடமையும் ஆகும்.

அத்தகைய வாகனங்கள் வந்து நிற்கும் இடங்களுள் ஒன்று ஈசூன் தொழிற்பேட்டை. அங்கே வாகனப் பட்டறைகள் வரிசையாக அமைந்துள்ளன. ஈசூன் என்ற பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. ரப்பர், அன்னாசித் தொழில்களில் புகழ்பெற்ற லிம் நீ சூன் (1879–1936) என்பவரின் பெயரே மாண்டரின் மொழி உச்சரிப்பில் ஈசூன் ஆயிற்று. ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த வட்டாரத்தில் இன்று ரப்பர்ச் சக்கரங்களில் ஓடும் வாகனங்கள் பழுதுபார்க்கப்படுகின்றன.

நம் நாட்டின் வானிலையும் பூட்டுகளுக்கு ஒரு சோதனைதான். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மோட்டார்சைக்கிளில் சாவித்துளை பெரும்பாலும் வானத்தைப் பார்த்தபடி இருக்கும். கூரையில்லாத நிறுத்துமிடத்தில் நிற்கும் பழைய மோட்டார்சைக்கிளின் பூட்டுக்குள் மழைநீர் நேராக இறங்கிவிடுகிறது. நீர் காய்ந்த பிறகும் அதனுடன் வந்த தூசி உள்ளேயே தங்கிவிடுகிறது.

பூட்டுக்குள் என்ன நடக்கிறது?

தொடக்ககாலக் கார்களை ஓட்டுவதற்கு முன், எஞ்சினின் முன்புறம் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகி, அதைக் கையால் சுழற்ற வேண்டியிருந்தது. எஞ்சின் திடீரென்று எதிர்த்துச் சுழன்றால் கை எலும்பு முறியும் ஆபத்தும் இருந்தது. 1912ஆம் ஆண்டில் கேடிலாக் கார்களில் மின்சாரத் தொடக்கி பொருத்தப்பட்டது. பின்னர், 1949இல் சாவியைத் திருப்பினாலே எஞ்சின் இயங்கும் முறையை கிரைஸ்லர் நிறுவனம் அறிமுகப்படுத்தியது. பல ஆண்டுகளுக்கு உலகெங்கும் அந்த முறையே வழக்கத்தில் இருந்தது.

இக்னிஷன் பூட்டில் இரண்டு முக்கியப் பகுதிகள் உள்ளன. முன்பக்கம் இருப்பது சாவி நுழையும் பூட்டு. பின்பக்கம் இருப்பது மின்விசை. சாவியால் பூட்டு திரும்பும். பூட்டு திரும்பும்போது மின்விசையும் திரும்பும். அப்போது விளக்குகள், எரிபொருள் அமைப்பு, தொடக்கி ஆகியவற்றுக்கு மின்சாரம் பாயும். இவற்றோடு மூன்றாவதாக ஒரு காவலாளியும் உண்டு. சாவியை எடுத்தபின் ஓர் உலோகத் தண்டு நீண்டு, ஸ்டியரிங் திரும்பாதபடி அதைப் பூட்டிவிடும். திருடர்கள் வாகனத்தை ஓட்டிச் செல்லாமல் தடுப்பதற்கான ஏற்பாடு இது.

இனி, முன்பக்கப் பூட்டைக் கவனிப்போம். அதில் திரும்பும் உருளை ஒன்றும், அதைச் சுற்றி அசையாத உறை ஒன்றும் உள்ளன. உருளைக்குள் மெல்லிய பித்தளைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தகட்டையும் சிறிய சுருள்வில் ஒன்று தள்ளிக்கொண்டிருக்கிறது. சாவி இல்லாதபோது தகடுகளின் நுனிகள் வெளியே நீண்டு, உறையில் உள்ள பள்ளங்களில் மாட்டிக்கொள்கின்றன. அதனால் உருளை திரும்பாது. சரியான சாவி நுழையும்போது அதன் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு தகட்டையும் உரிய அளவுக்கு நகர்த்துகின்றன. எல்லா நுனிகளும் உருளைக்குள் அடங்கியவுடன் பூட்டு எளிதாகத் திரும்புகிறது.

பெருவிரைவு ரயிலின் கதவருகே பத்துப் பேர் நிற்பதாகக் கொள்வோம். ஒன்பது பேர் உள்ளே ஒழுங்காக நின்றாலும் ஒருவருடைய பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கதவு மூடாது, ரயிலும் புறப்படாது. பூட்டின் தகடுகளும் அப்படித்தான். ஒரு தகடு மயிரிழை அளவு வெளியே நின்றாலும் போதும், பூட்டு திரும்ப மறுக்கும்.

சாவி உள்ளிருக்கும் தடைகளை உரிய இடத்திற்கு நகர்த்தினால் பூட்டு திறக்கும் என்ற இந்தக் கருத்து மிகப் பழமையானது. பழங்கால எகிப்தியர் மரத்தாலேயே அத்தகைய பூட்டுகளைச் செய்தனர். 1860களில் அமெரிக்கரான லைனஸ் யேல் அதை உலோகத்தில் சிறிய வடிவில் உருவாக்கினார். தமிழர்களுக்கும் பூட்டுத் தொழிலில் தனிப் புகழ் உண்டு. தமிழ்நாட்டிலுள்ள திண்டுக்கல் ‘பூட்டு நகரம்’ என்றே அழைக்கப்படுகிறது. அங்கே கையால் செய்யப்படும் பூட்டுகளுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. சாவியை அரத்தால் ராவிப் பூட்டுக்குப் பொருத்திப் பார்க்கும் கைவினைஞர்களுக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும்: பூட்டு கேட்பது பலத்தை அன்று, துல்லியத்தை.

சிக்கலுக்குக் காரணங்கள்

பழைய வாகனத்தில் சாவி திரும்பாமல் போவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது காரணம், ஸ்டியரிங் பூட்டின் இறுக்கம். வாகனத்தை நிறுத்தும்போது முன்சக்கரம் சாலையோரத் திட்டில் அழுந்தி நின்றால், ஸ்டியரிங்கைப் பூட்டும் தண்டின் மீது அந்த அழுத்தம் விழும். இதனால் தண்டு தன் பள்ளத்திலிருந்து விலக முடியாது. இது பழுதே அன்று.

இரண்டாவது, தேய்ந்த சாவி. ஒரு சாவி நாளுக்குப் பத்து முறை நுழைந்து வெளிவந்தால், பத்து ஆண்டுகளில் அது 36,000 முறைக்கு மேல் உராய்கிறது. சாவியின் கூரிய மேடுகள் மெல்ல மழுங்குகின்றன. தேய்ந்த சாவியைப் பார்த்து இன்னொரு சாவி வெட்டினால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிறது. நகலிலிருந்து நகல் எடுத்த தாள் மேலும் மேலும் மங்கிப்போவதைப் போன்றது இது.

மூன்றாவது, தூசியும் பழைய எண்ணெயும். நான்காவது, வளைந்த தகடு அல்லது உடைந்த சுருள்வில். ஐந்தாவது, பின்பக்க மின்விசையில் ஏற்படும் தேய்மானம். இவை ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. எனவே, எது காரணம் என்று அறியாமல் தொடங்கும் சிகிச்சை பலன் தராது.

காரணத்தைக் கண்டறிதல்

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் தரும் அறிவுரை. அது வாகனங்களுக்கும் பொருந்தும். “எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது? திடீரென்று வந்ததா, கொஞ்சம் கொஞ்சமாக வந்ததா?” என்று கேட்ட பிறகே அனுபவமிக்க பழுதுபார்ப்பவர் கருவியைக் கையில் எடுப்பார். மெல்ல மெல்ல வந்த கோளாறு தேய்மானத்தையோ அழுக்கையோ காட்டும். நேற்றுவரை நன்றாக இருந்து இன்று திடீரென்று வந்தால் ஸ்டியரிங் இறுக்கமாகவோ, உள்ளே ஏதேனும் உடைந்ததாகவோ இருக்கலாம்.

பொதுமக்களும் சில எளிய சோதனைகளைச் செய்யலாம். முதலில், ஸ்டியரிங்கையோ மோட்டார்சைக்கிளின் கைப்பிடியையோ இடமும் வலமுமாக மென்மையாக அசைத்தபடி சாவியை மெதுவாகத் திருப்ப வேண்டும். இறுக்கம்தான் காரணம் என்றால் பூட்டு அப்போதே திறந்துவிடும்.

அடுத்து, வீட்டில் பத்திரமாக வைத்திருக்கும் மாற்றுச்சாவியைக் கொண்டு முயன்று பார்க்க வேண்டும். மாற்றுச்சாவி எளிதாகத் திரும்பினால் பூட்டில் குறையில்லை. அன்றாடம் பயன்படுத்தும் சாவிதான் தேய்ந்துள்ளது. மாற்றுச்சாவி இல்லையென்றால் இன்னொரு வழி உண்டு. பழைய வாகனங்கள் பலவற்றில் ஒரே சாவி காரின் கதவையும், மோட்டார்சைக்கிளின் இருக்கையையும் எரிபொருள் மூடியையும் திறக்கும். அங்கெல்லாம் சாவி நன்றாகத் திரும்பி, இக்னிஷனில் மட்டும் சிக்கினால் குறை பெரும்பாலும் பூட்டில்தான் இருக்கும்.

சாவி நடந்துகொள்ளும் விதமும் ஒரு தடயமே. சாவி முழுமையாக உள்ளே நுழையவில்லை என்றால் உள்ளே அழுக்கோ வளைந்த தகடோ இருக்கலாம். சாவி திரும்புகிறது, ஆனால் விளக்குகூட எரியவில்லை என்றால் பேட்டரியையும் மின்விசையையும் சோதிக்க வேண்டும். தானியங்கிக் கியர் உள்ள காரில் சாவியை வெளியே எடுக்க முடியவில்லை என்றால், கியர் நிறுத்த நிலையில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறை

அழுக்குதான் காரணம் என்று தெரிந்தால், முதலில் சாவியைத் துணியால் நன்கு துடைக்க வேண்டும். பிறகு, பூட்டுகளைச் சுத்தம் செய்வதற்கான திரவத்தைச் சிறிதளவு மட்டும் துளைக்குள் தெளித்து, சாவியைத் திருப்பாமல் பலமுறை உள்ளே செருகி வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சாவியில் கரிய அழுக்கு ஒட்டிக்கொண்டு வரும். அதைத் துடைத்துவிட்டு, சாவி சுத்தமாக வெளிவரும்வரை தொடர வேண்டும். திரவம் அதிகமானால் அது பின்பக்க மின்விசையை அடைந்துவிடும். ஆகவே, அளவு முக்கியம்.

சுத்தம் செய்த பூட்டுக்கு உயவுப்பொருள் தேவை. இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். சமையல் எண்ணெயையோ எஞ்சின் எண்ணெயையோ ஊற்றினால் சில நாள்களுக்குச் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். பின்னர் அந்த எண்ணெய் தூசியை ஈர்த்துப் பிசினாக மாறும். முன்பைவிட மோசமாகச் சிக்கும். ஆகவே, பூட்டுகளுக்கு ஈரமற்ற உயவுப்பொருளே ஏற்றது.

அத்தகைய பொருள்களுள் ஒன்று கிராஃபைட். நாம் எழுதும் பென்சிலின் கரிய பகுதி கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. அடுக்குகளுக்கு இடையே உள்ள பிணைப்பு வலுவற்றது. அதனால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மீது எளிதாக வழுக்குகிறது. பென்சில் தாளில் கோடு போடுவதும், கிராஃபைட் தூள் பூட்டை இலகுவாக்குவதும் இந்த ஒரே பண்பினால்தான். சாவியின் மேடுபள்ளங்களில் மென்மையான பென்சிலைத் தேய்த்துப் பூட்டில் செருகுவது பழைய, எளிய உத்தி. ஆனால், கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். இக்னிஷன் பூட்டுக்குப் பின்னால் மின்விசை இருப்பதால் கிராஃபைட் தூளை அள்ளிப் போடக்கூடாது. எண்ணெய் போட்ட பூட்டில் அதைக் கலப்பதும் கூடாது. இரண்டும் சேர்ந்து பசையாகிவிடும்.

மற்றொன்று டெஃப்லான் கலந்த தெளிப்பு. 1938ஆம் ஆண்டில் ராய் பிளங்கெட் என்ற வேதியியலாளர் எதிர்பாராமல் கண்டுபிடித்த பொருள் இது. உணவு ஒட்டாத சமையல் சட்டிகளில் பூசப்படுவதும் இதுதான். தெளித்தவுடன் திரவம் ஆவியாகி, வழுவழுப்பான மெல்லிய படலம் மட்டும் தங்குகிறது. தூசி அதில் எளிதில் ஒட்டாது.

சாவி தேய்ந்திருந்தால் உயவுப்பொருள் உதவாது. அப்போது பழைய சாவியைப் பார்த்து வெட்டாமல், சாவிக்குரிய குறியீட்டு எண்ணைக் கொண்டு புதிய சாவி வெட்ட வேண்டும். வாகனம் வாங்கியபோது சாவியோடு வந்த சிறு தகட்டிலோ பூட்டின் உடலிலோ அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கலாம். அதைக் கொண்டு, தேயாத முதல் சாவியின் அளவிலேயே புதிய சாவியை உருவாக்க முடியும். 1990களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பல வாகனங்களின் சாவியில் மின்னணுச் சில்லும் இருக்கும். அதைப் பதிவு செய்யாவிட்டால் புதிய சாவி பூட்டைத் திருப்பும். ஆனால் எஞ்சின் இயங்காது.

தகடு வளைந்தாலோ வில் உடைந்தாலோ பூட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே நல்லது. காரில் பூட்டுக்கு மிக அருகிலேயே ஸ்டியரிங்கின் காற்றுப்பை இருக்கிறது. முறையறியாமல் அங்கே கை வைத்தால் காற்றுப்பை வெடித்து விரிந்து காயம் ஏற்படலாம்.

சிறிய பகுதி, பெரிய பாடம்

“சாவி கொஞ்சம் சிக்குகிறது, அவ்வளவுதானே?” என்று சிலர் நாள்களைக் கடத்துவார்கள். ஆனால், சில அறிகுறிகளை ஒருபோதும் தள்ளிப்போடக்கூடாது. எஞ்சின் இயங்கிய பிறகு சாவி தானாகப் பின்னோக்கித் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பாவிட்டால் தொடக்கி மோட்டார் தொடர்ந்து சுழன்று கருகிவிடும். வாகனம் ஓடும்போது விளக்குகள் அணைந்து அணைந்து எரிந்தாலோ, எஞ்சின் திடீரென்று நின்றாலோ அது இன்னும் ஆபத்தானது.

இதை உலகுக்கு உணர்த்திய நிகழ்வு ஒன்று உண்டு. 2014ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சுமார் 26 லட்சம் சிறிய கார்களை மீட்டுக்கொண்டது. அவற்றின் இக்னிஷன் விசை சிக்கவில்லை. மாறாக, மிகவும் தளர்வாக இருந்தது. விசையைத் தன் நிலையில் பிடித்து வைக்க வேண்டிய சிறிய வில்லுக்குப் போதிய வலிமை இல்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, மேடுபள்ளத்தில் கார் குலுங்கினாலோ, ஓட்டுநரின் முழங்கால் பட்டாலோ சாவி தானாகத் திரும்பிவிடும். உடனே எஞ்சின் நின்றுவிடும். விபத்து நேர்ந்தால் உயிர்காக்கும் காற்றுப்பையும் விரியாது. இக்குறையால் 124 பேர் உயிரிழந்ததாக அந்நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதியம் ஏற்றுக்கொண்டது. கார்கள் சரிசெய்யப்படும்வரை, வளையத்தில் வாகனச் சாவியை மட்டுமே வைத்துக்கொள்ளும்படி உரிமையாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது.

அந்த அறிவுரை ஈசூனில் ஓடும் பழைய வேனுக்கும் பொருந்தும். வீட்டுச்சாவி, கடைச்சாவி, பொம்மை ஆகிய அனைத்தும் கோத்த கனமான கொத்து நாள்தோறும் தொங்கி ஆடுவதால் பூட்டின் தகடுகளும் உருளையும் விரைவாகத் தேய்கின்றன. வாகனச் சாவியைத் தனியே வைத்துக்கொள்வது செலவில்லாத பராமரிப்பு.

அதேபோல், சிக்கிய சாவியைக் குறட்டால் பிடித்துத் திருப்புவதும், பூட்டைச் சுத்தியால் தட்டுவதும் கூடாது. சாவி உள்ளேயே முறிந்தால் எளிய சிகிச்சைக்கும் வழியிருக்காது. வாகனம் ஓடிக்கொண்டிருக்கும்போது சாவியைப் பூட்டும் நிலைக்குத் திருப்புவது எல்லாவற்றையும்விடக் கொடியது. ஸ்டியரிங் பூட்டிக்கொண்டால் வாகனத்தைத் திருப்பவே முடியாது.

‘அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்’ என்பது பழமொழி. விடாமுயற்சிக்கு அது நல்ல வாக்கு. ஆனால், பூட்டின் முன்னால் விடாமுயற்சிக்கு வேறு பொருள் உண்டு. நின்று கவனிப்பதும், ஒவ்வொரு காரணமாகச் சோதித்து விலக்குவதும், தன்னால் முடியாததை அறிந்தவரிடம் ஒப்படைப்பதும்தான் அங்கே விடாமுயற்சி. மழை நாளில் சாவித்துளையை மூடி வைப்பது, மாற்றுச்சாவியையும் அதன் குறியீட்டு எண்ணையும் பாதுகாப்பது, முதல் சிக்கலிலேயே காரணத்தைத் தேடுவது ஆகிய சிறு பழக்கங்கள் ஒரு வாகனத்திற்கு மேலும் பல ஆண்டுகளைத் தரும். அதை ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்திற்கும் அவை துணையாக இருக்கும்.